போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு வெளி வரைபடத் தரவை இணைப்பது: எதை இணைப்பாகவே வைக்கலாம், எதை நகலெடுக்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது: "எங்கள் கிடங்குகளின் பட்டியல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது, ஒவ்வொரு கிடங்குக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. தாலுகா எல்லைகள் ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவில் வருகின்றன. இன்னொரு இடத்திலிருந்து வரைபட உருவங்களை இணையம் வழியே தரும் ஒரு டபிள்யூஎஃப்எஸ் சேவையின் முகவரி கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை வெளியிடும் நிலநடுக்கத் தகவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இறக்குமதி செய்யாமல் இவை எல்லாவற்றையும் நேரடியாக டேட்டாபேஸோடு இணைத்துவிட முடியுமா?"

முடியும். மூன்றையுமே இணைக்கலாம், அதுவும் அரை நாள் வேலைதான். ஆனால் இணைத்ததை எல்லாம் அப்படியே வைத்து அன்றாட வேலையை ஓட்டலாமா என்றால், கூடாது என்பேன். எட்டிப் பார்ப்பதற்கு இணைப்பு போதும். அன்றாடம் புழங்குவதற்கு நகல் வேண்டும். கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதுதான்.

முதலில் வழி. வெளியில் இருக்கும் தரவை உள்ளூர் டேபிள் போலக் காட்டுவதற்கு எஸ்க்யூஎல் தரத்திலேயே ஒரு பகுதி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் அதை 2011-இல் வந்த 9.1 பதிப்பில் படிப்பதற்கு மட்டும் என்று கொண்டுவந்தது. 2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து எழுதவும் முடியும். இந்த வேலையைச் செய்யும் எக்ஸ்டென்ஷன்களை ஃபாரின் டேட்டா ராப்பர் என்கிறோம். புவியியல் தரவுக்கென்று இருப்பது ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ. போஸ்ட்கிரெஸுக்கு வரைபட உருவங்களைக் கையாளும் திறனைத் தரும் போஸ்ட்ஜிஐஎஸ் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ராம்சே எழுதியது. இதன் அடியில் உட்கார்ந்திருப்பது, வரைபடக் கோப்பு வடிவங்களைப் படிக்கும் ஜிடால் நூலகம் (ஓஜிஆர் என்பது அதன் ஒரு பகுதி). 1998-இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கியது. ஷேப்ஃபைல், ஜியோபேக்கேஜ், ஜியோஜேசன், கேஎம்எல், டபிள்யூஎஃப்எஸ், எக்செல் என்று ஜிடாலுக்கு எதைப் படிக்கத் தெரியுமோ, அது எல்லாம் உங்கள் டேட்டாபேஸுக்கும் படிக்கத் தெரிந்துவிடும். எந்தெந்த வடிவங்கள் உங்கள் நிறுவலில் உண்டு என்பதை ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ_டிரைவர்ஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பட்டியலாகத் தந்துவிடும்.

செய்முறை சிறியது. போஸ்ட்ஜிஐஎஸ் எக்ஸ்டென்ஷனை முதலில் நிறுவுங்கள், அப்புறம் ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ. போஸ்ட்ஜிஐஎஸ் இல்லாத டேட்டாபேஸில் இணைத்தால் உருவங்கள் வெறும் பைட்டுக் குவியலாக வந்து நிற்கும்; அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து 'கிரியேட் சர்வர்' கட்டளையில் தரவு இருக்கும் இடத்தையும் அதன் வடிவத்தையும் கொடுக்க வேண்டும். பின்பு 'இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா' கட்டளையில் ஸ்கீமா பெயராக 'ஓஜிஆர்_ஆல்' என்று கொடுத்தால், அந்த மூலத்தில் உள்ள எல்லா லேயர்களுக்கும் டேபிள்கள் தானாக உருவாகிவிடும். நெடுவரிசை ஒவ்வொன்றையும் நீங்களே தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. இந்த எக்ஸ்டென்ஷனோடு வரும் ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ_இன்ஃபோ என்ற சிறு நிரலும் உதவும்: கோப்பையும் லேயரையும் சொன்னால், தேவையான கட்டளைகளை அப்படியே எழுதித் தரும், நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோப்பின் பாதை என்று நீங்கள் கொடுப்பது உங்கள் மடிக்கணினியின் பாதை அல்ல. டேட்டாபேஸ் ஓடும் சர்வரின் பாதை. அந்தக் கோப்பைப் படிக்கும் உரிமை போஸ்ட்கிரெஸ் ஓடும் பயனர் கணக்குக்கு இருக்க வேண்டும். இணையச் சேவைக்கும் இதே கதைதான். உங்கள் பிரவுசரில் முகவரி திறக்கிறது என்பதால் பயனில்லை. சர்வரிலிருந்து வெளியே போக ஃபயர்வால் விட வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். வெளி டேபிள் ஒன்றின் மீது குவெரி எழுதும்போது, வடிகட்டும் வேலை எந்தப் பக்கம் நடக்கிறது? வேகம், நிதானம், வெளிச் சேவைக்கு நாம் கொடுக்கும் சுமை எல்லாமே இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவை.

சமம், பெரியது, சிறியது போன்ற எளிய ஒப்பீடுகளை ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ மூலத்துக்கே அனுப்பிவிடும். இடம் சார்ந்த நிபந்தனைகளில் அது அனுப்புவது '&&' ஒன்றைத்தான், அதாவது இரண்டு உருவங்களின் சுற்றுச் செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படுகின்றனவா என்ற சோதனை. அதிலும் மறுபக்கம் நிலையான ஓர் உருவம் இருக்க வேண்டும். எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் (ஆயத்தொலைவு முறையை மாற்றுவது) போன்ற ஃபங்ஷனுக்குள் வெளி நெடுவரிசையைப் போட்டுச் சுற்றிவிட்டால் எதுவும் அந்தப் பக்கம் போகாது. மொத்தத் தரவும் உங்கள் சர்வருக்கு வந்து இறங்கி, இங்கே ஒவ்வொரு பதிவாகச் சலிக்கப்படும். அதனால் இரண்டு உருவங்கள் தொடுகின்றனவா என்று பார்க்கும் எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் எழுதும்போது, கூடவே '&&' நிபந்தனையையும் எஸ்டி_மேக்என்வலப் தரும் செவ்வகத்தோடு வெளிப்படையாக எழுதிவிடுங்கள். தானாகச் சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

உண்மையில் என்ன போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். 'கிளையன்ட்_மின்_மெசேஜஸ்' அமைப்பை 'டீபக்1' என்று மாற்றிவிட்டு அதே குவெரியை ஓட்டுங்கள். அனுப்பப்பட்ட ஓஜிஆர் நிபந்தனை ஒரு வரியிலும், இட வடிகட்டியின் நான்கு எண்கள் இன்னொரு வரியிலும் திரையில் வரும். எதிர்பார்த்த நிபந்தனை அங்கே இல்லை என்றால், அது அந்தப் பக்கம் போகவில்லை என்று பொருள். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

நிபந்தனை போய்ச் சேர்ந்தாலும், மறுபக்கம் அதை வைத்து என்ன செய்யும் என்பது வடிவத்தைப் பொறுத்தது. ஜியோபேக்கேஜ் உள்ளுக்குள் ஓர் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். வழக்கமாக இட இன்டெக்ஸும் அதிலேயே இருக்கும். செவ்வகத்தைக் கொடுத்தால் சட்டென்று எடுத்துத் தரும். டபிள்யூஎஃப்எஸ் சேவை அந்தச் செவ்வகத்தைத் தன் சர்வரிலேயே பயன்படுத்தி, தேவையானதை மட்டும் அனுப்பும். ஷேப்ஃபைலில் தனி இன்டெக்ஸ் கோப்பு இல்லாவிட்டால் மொத்தக் கோப்பையும் தலையிலிருந்து கால்வரை படித்தாக வேண்டும். ஜியோஜேசனுக்கு எப்போதுமே அந்தக் கதிதான். நீங்களாக வெளி டேபிளின் மேல் இன்டெக்ஸ் போடலாமா என்றால், போஸ்ட்கிரெஸ் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே தாலுகா எல்லைகளை ஷேப்ஃபைலாகவே இணைத்து வைத்து, ஆயிரக்கணக்கான கிடங்குகளோடு ஜாயின் செய்வது சரிப்படாது. எல்லைகள் தினமும் மாறுவதுமில்லை. அவற்றை உள்ளே இழுத்து, ஜிஸ்ட் என்ற இட இன்டெக்ஸைப் போட்டுவிடுங்கள்.

நேரடி இணைப்பு தன் அருமையைக் காட்டுவது உங்கள் மூன்றாவது மூலத்தில். நிலநடுக்கத் தகவலை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை ஜியோஜேசன் கோப்புகளாக வெளியிடுகிறது: கடந்த ஒரு மணி நேரம், ஒரு நாள், 7 நாள், 30 நாள் என்று தனித்தனியாக. நிமிடத்துக்கு ஒருமுறை அவை புதுப்பிக்கப்படும். ஒரு நாள் கோப்பின் இணைய முகவரியையே 'டேட்டாசோர்ஸ்' என்று கொடுத்து, வடிவம் ஜியோஜேசன் என்று சொல்லிவிட்டால் போதும். சின்னக் கோப்பு, எப்போதும் புதியது, மொத்தமாகப் படித்தாலும் நொடிகளில் முடியும். இப்படிப்பட்ட தரவை இணைப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த டேபிளைத் திறந்து பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். நேரம் என்ற நெடுவரிசையில் பெரிய எண் ஒன்று இருக்கும். அது 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த மில்லிவிநாடிகள், 1000.0 ஆல் வகுத்து டு_டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் தேதியாக மாறும். அந்தத் தொடக்க நேரத்தை ஒருங்கிசைந்த உலக நேரமாக (யூடிசி) எடுத்துக்கொள்ள வேண்டும். இந்திய நேரம் வேண்டுமானால் காட்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, புள்ளிக்கு மூன்று எண்கள் இருக்கும். மூன்றாவது எண் உயரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நடுக்கம் நிகழ்ந்த ஆழம், கிலோமீட்டரில், கீழ்நோக்கி. எஸ்டி_இசட் கொடுத்தால் கிடைக்கும். முப்பரிமாணத் தூரம் கணக்கிடும் ஃபங்ஷன்கள் எதையும் இந்தப் புள்ளிகளின் மேல் அப்படியே ஏவாதீர்கள்: முதல் இரண்டு எண்கள் டிகிரி, மூன்றாவது கிலோமீட்டர், விடை அர்த்தமற்றதாகத்தான் வரும்.

நிலநடுக்க அளவு 5 அல்லது அதற்கு மேல், நம் கிடங்கிலிருந்து 300 கிலோமீட்டருக்குள் என்று கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'மேக்' என்ற அளவு நெடுவரிசையில் 5 அல்லது அதற்கு மேல் என்று வடிகட்டி, இரண்டு பக்க உருவங்களையும் ஜியோகிராஃபி வகைக்கு மாற்றி, எஸ்டி_டிவிதின் ஃபங்ஷனுக்கு 300000 என்று கொடுங்கள். ஜியோகிராஃபி வகையில் தூரம் மீட்டரில்தான். ஜியாமெட்ரி வகையிலேயே விட்டுவிட்டால் அந்த 300000-ஐ டிகிரி என்று எடுத்துக்கொண்டு, உலகத்தில் எங்கே நடுங்கினாலும் உங்கள் எல்லாக் கிடங்குகளுக்கும் எச்சரிக்கை போகும்.

இதிலிருந்து ஆயத்தொலைவு விஷயத்துக்கு வரலாம். வெளித் தரவில் நேரத்தைத் தின்பது இணைப்பு வேலை அல்ல, இதுதான். உங்கள் கிடங்குகள் டபிள்யூஜிஎஸ் 84-இல், அதாவது 4326 என்ற முறை எண்ணில் இருக்கும் (இந்த எண்ணை எஸ்ஆர்ஐடி என்பார்கள்). தாலுகா ஷேப்ஃபைல் மீட்டர் கணக்கில், உலகைத் தீர்க்கரேகைப்படி மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் வரலாம். தமிழ்நாட்டுத் தரவாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இரண்டு மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை மாநிலத்தின் நடுவில் ஓடுகிறது. கோவை, ஈரோடு, ஊட்டி எல்லாம் 43-ஆம் மண்டலம், 32643. சென்னை, மதுரை, திருச்சி எல்லாம் 44-ஆம் மண்டலம், 32644. இரண்டு மாவட்டங்களின் கோப்புகள் இரண்டு வெவ்வேறு மண்டலங்களில் வந்து சேர்வது ஆச்சரியமில்லை.

எண்களைப் பார்த்தே அடையாளம் காணலாம். சென்னை டிகிரியில் ஏறத்தாழ 80.27, 13.08. யூடிஎம்மில் கிழக்கு எண் 4 லட்சத்துச் சொச்சம், வடக்கு எண் 14 லட்சத்துச் சொச்சம். டேபிளை இணைத்ததும் எஸ்டி_எஸ்ஆர்ஐடி, எஸ்டி_எக்ஸ்டென்ட் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஒன்று சொல்லப்பட்ட அமைப்பு, மற்றது உண்மையான எண்களின் வீச்சு. இரண்டும் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு மூலத்தை விசாரியுங்கள். ஷேப்ஃபைலோடு வர வேண்டிய, ஆயத்தொலைவு முறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு தொலைந்திருந்தால் எஸ்ஆர்ஐடி 0 என்று வரும். கிடங்கு டேபிளோடு சேர்த்தவுடன், எஸ்ஆர்ஐடி கலந்திருக்கிறது என்று போஸ்ட்ஜிஐஎஸ் பிழை சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழையை வாயடைக்க எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி 4326 என்று போடுகிறவர்கள் நிறையப் பேர். அது எண்களைத் தொடாது, முத்திரையை மட்டும் மாற்றும். 4 லட்சம் டிகிரியில் ஒரு தாலுகா உருவாகும். முத்திரை இல்லாத தரவுக்கு முதலில் உண்மையான எண்ணை எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி மூலம் கொடுத்து, பிறகு எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் மூலம் 4326-க்கு மாற்ற வேண்டும். வரிசை முக்கியம்.

டபிள்யூஎஃப்எஸ்ஸில் இன்னொரு வகைச் சிக்கல். அதன் 1.1.0 பதிப்பிலிருந்து 4326-க்கு அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பின்னால் என்பது முறை. அதற்கு முந்தைய வழக்கம் தலைகீழ். ஜிடால் பெரும்பாலும் சரிசெய்துவிடும். ஆனால் முறையைச் சரியாகப் பின்பற்றாத சர்வர்கள் உண்டு. அப்போது சென்னை, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். எஸ்டி_ஃபிளிப்கோஆர்டினேட்ஸ் மாற்றிவிடும். ஆனால் அதை நகலெடுக்கும் குவெரியில் ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள்; பத்து ரிப்போர்ட்டுகளில் தூவினால், சர்வர்காரர் ஒருநாள் தன் பக்கம் சரிசெய்யும்போது பத்தும் ஒன்றாக உடையும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள ஷேப்ஃபைல் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஷேப்ஃபைலின் பெயர் விவரங்கள் டிபிஎஃப் கோப்பில் இருக்கின்றன. அதில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட், எழுத்து விவரத்துக்கு அதிகபட்சம் 254 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; உயிர்க்குறியும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். 'திருச்சிராப்பள்ளி' என்ற ஒரு பெயரில் 17 குறியீடுகள், அதாவது 51 பைட். ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து 40 அகலம் கொடுத்திருந்தால் பெயர் நடுவில் வெட்டப்படும். எழுதிய மென்பொருள் கவனமில்லாதது என்றால் ஓர் எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவிலேயே வெட்டியிருக்கும். உடைந்த பைட்டுகள் அப்படியே வந்து சேர்ந்தால் போஸ்ட்கிரெஸ் தவறான பைட் வரிசை என்று சொல்லிக் குவெரியை முறித்துவிடும். வெட்டுப்பட்டதை எந்த அமைப்பாலும் மீட்க முடியாது. தருகிறவர்களிடம் ஜியோபேக்கேஜாகக் கேட்டு வாங்குவதே தீர்வு. எழுத்துமுறை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால், சர்வர் வரையறையில் 'கான்ஃபிக்_ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஷேப்_என்கோடிங் மதிப்பைக் கொடுத்துச் சரிசெய்யலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்ட தரவு என்றால், கணினியைப் பொறுத்தவரை அது முறையான ஆங்கில எழுத்துத்தான். பிழையே வராது, திரையில் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகத் தெரியும். அதை நகலெடுக்கும் கட்டத்தில் யூனிகோடாக மாற்றித்தான் உள்ளே விட வேண்டும்.

சரி, நகல் எப்படி எடுப்பது? பலரும் மெட்டீரியலைஸ்டு வியூ (குவெரியின் விடையைச் சேமித்து வைக்கும் வியூ) என்பார்கள். வெளி டேபிள் மேல் அதை உருவாக்கி, இன்டெக்ஸ் போட்டு, இரவில் ரிஃப்ரெஷ் செய்வது வசதிதான். ஆனால் எல்லை போன்ற அடிப்படைத் தரவுக்கு நான் சாதாரண டேபிளைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டு காரணங்கள். வெளிச் சேவை ஒருநாள் காலியான பதில் கொடுத்தால், ரிஃப்ரெஷ் அதை நம்பி உங்கள் நகலையும் காலியாக்கிவிடும். சாதாரண டேபிள் என்றால், முதலில் ஒரு தற்காலிக டேபிளில் இறக்கி, பதிவுகளின் எண்ணிக்கை நேற்றையதற்கு அருகில் இருக்கிறதா, வீச்சு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஒரே டிரான்சாக்ஷனில் மாற்றலாம். மற்றொரு காரணம் பேக்கப். போஸ்ட்கிரெஸின் பேக்கப் நிரலான பிஜி_டம்ப் வழக்கமாக வெளி டேபிளின் வரையறையை மட்டும்தான் எடுக்கும், தரவை எடுக்காது. மெட்டீரியலைஸ்டு வியூவுக்கும் வரையறையை எடுத்துவிட்டு, மீட்கும் நேரத்தில் ரிஃப்ரெஷ் செய் என்று ஒரு கட்டளை வைக்கும். அன்றைக்கு அந்த வெளிச் சேவை இல்லாவிட்டால் மீட்பு அங்கே தடுமாறும். சர்வர் விழுந்த நாளில் இன்னொருவருடைய சர்வரை நம்பி நிற்கும் நிலை வேண்டாமே.

இறக்கும் குவெரியில் சில சுத்தப்படுத்தல்களையும் சேர்த்துவிடுங்கள். ஷேப்ஃபைல் ஒற்றைப் பலகோணத்தையும் பல பகுதிகள் கொண்ட பலகோணத்தையும் வேறுபடுத்தாது. தீவுகள் உள்ள தாலுகா வந்தவுடன் வகைப் பொருத்தமின்மைப் பிழை வரும். எல்லாவற்றையும் எஸ்டி_மல்டி போட்டு ஒரே வகையாக்குங்கள். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் எல்லைக்கோடுகளுக்கு எஸ்டி_மேக்வேலிட். கூடவே எப்போது, எங்கிருந்து எடுத்தது என்று இரண்டு நெடுவரிசைகள். எல்லைத் தகராறு வரும்போது இந்த இரண்டும்தான் பேசும்.

இணைப்பாகவே வைக்கும் மூலங்களுக்கு இரண்டு பாதுகாப்பு. ஜிடால்_ஹெச்டிடிபி_டைம்அவுட் மதிப்பை 10 விநாடி போல ஏதாவது ஒன்றாகக் கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் மறுபக்கம் பதில் தராத நேரத்தில் உங்கள் டேட்டாபேஸ் இணைப்புகள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு நிற்கும். அடுத்தது, கடவுச்சொல்லை டேட்டாசோர்ஸ் வரிக்குள் எழுதினால், சர்வர் வரையறைகள் உள்ள கேட்டலாகை டேட்டாபேஸில் நுழைகிற யாரும் படிக்கலாம். அப்படி ரகசியம் தேவைப்படும் சேவையை டேட்டாபேஸுக்குள் இணைக்காமல், வெளியே ஒரு நிரல் மூலம் இறக்கிக்கொள்வதே நல்லது.

மறுபக்கமும் போஸ்ட்கிரெஸ், போஸ்ட்ஜிஐஎஸ் என்றால் இதையெல்லாம் மறந்துவிட்டு போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ பயன்படுத்துங்கள். சர்வர் வரையறையில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற விருப்பத்தில் போஸ்ட்ஜிஐஎஸ் பெயரைக் கொடுத்தால், எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் போன்ற ஃபங்ஷன்களும் அந்தப் பக்கமே ஓடும். அங்கிருக்கும் இன்டெக்ஸும் வேலை செய்யும். கடவுச்சொல்லும் யூசர் மேப்பிங்கில் மறைவாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் பதிப்புகளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆரக்கிள் என்றால் ஆரக்கிள்_எஃப்டிடபிள்யூ அதன் இட வகையை நேராகப் போஸ்ட்ஜிஐஎஸ் உருவமாக மாற்றித் தரும்.

கடைசியாக, உங்கள் டேட்டாபேஸ் கிளவுட் சேவையில் இருந்தால் எதையும் தொடங்கும் முன் பிஜி_அவைலபிள்_எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற வியூவில் ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் இருக்காது; நீங்களாக நிறுவவும் விட மாட்டார்கள். அப்போது வேறொரு சிறு கணினியில் ஜிடாலின் ஓஜிஆர்2ஓஜிஆர் நிரலை வைத்து, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் மூலம் தற்காலிக டேபிளுக்கு இறக்குங்கள். நிலநடுக்கத் தகவலுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லைகளுக்கு மாதம் ஒருமுறை போதும். மேலே சொன்ன எண்ணிக்கைச் சோதனை, எஸ்ஆர்ஐடி சோதனை, எஸ்டி_மல்டி எல்லாம் அந்த வழியிலும் ஒரு வரிகூட மாறாமல் அப்படியே பயன்படும்.